சுவரில் தொங்கும் சட்டம்

காதர்பேட்டையில் மாலை என்பது மூட்டைகளின் நேரம். பனியன் மூட்டை, ஜட்டி மூட்டை, குழந்தைச் சட்டை மூட்டை என்று தலையில் ஏறியும் தள்ளுவண்டியில் ஏறியும் சரக்கு ஊர் ஊராகப் புறப்படும் நேரம். தமிழும் மலையாளமும் இந்தியும் ஒடியாவும் ஒரே தெருவில் நின்று விலை பேசும் நேரம். உலகுக்கு உடுப்புத் தைத்து அனுப்பும் ஊர் எங்கள் திருப்பூர். அந்த உடுப்பைத் தைப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என் தொழில்.

மழைக்காலத்தில் ஒரு நாள், நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்றாம் பாடவேளையில் மேசை மீது தலை சாய்த்தான். தட்டினேன், எழவில்லை. உலுக்கினேன், விழித்தான், விழித்த வேகத்தில் மீண்டும் சாய்ந்தான். பிள்ளையின் தாய் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுபவர். முதல் நாள் இரவு பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும். விடிந்தால் வேலை, வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. தெருமுனை மருந்துக்கடையில் "காய்ச்சல்" என்ற ஒரு சொல்லைச் சொல்லி, ஒரு காகித உறையை வாங்கி வந்து, அதிலிருந்ததைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த உறையை வாங்கிப் பார்த்தேன். உறையின் மேல் எழுத்து இல்லை. உள்ளே இரண்டு வகை மாத்திரைகள். ஒன்று வெள்ளை, வெட்டப்பட்ட அட்டைத் துண்டில் 650 என்ற எண் மட்டும் எஞ்சியிருந்தது. மற்றொன்று சிறியது, மஞ்சள் நிறம், பெயருமில்லை, எண்ணுமில்லை.

மாலையில் அந்தக் கடைக்குச் சென்றேன். கல்லாவுக்கு அருகே ஓர் இளைஞன் நின்றான். சுவரில் ஒரு சட்டம். சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். சான்றிதழில் ஒரு படம். படத்தில் இருந்த முகம் வேறு; கடையில் நின்ற முகம் வேறு.

"இவர் எங்கே தம்பி?" என்றேன்.

"சாயங்காலம் வருவாருங்க சார்."

"இதுதானே சாயங்காலம்?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

'சட்டம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். படத்தைத் தாங்கும் மரச்சட்டமும் சட்டம். மக்களைக் காக்கும் ஆணையும் சட்டம். அந்தக் கடையில் இரண்டு சட்டங்களும் ஒரே ஆணியில் தொங்கின!

மறுநாள், அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றும் அம்மையார் ஒருவரிடம் அந்த உறையைக் காட்டினேன். அவர் மாத்திரையை நோக்குமுன் என்னை நோக்கிக் கேட்ட முதல் கேள்வி: "பையன் எடை எவ்வளவு சார்?" இருபத்து நான்கு கிலோ என்றேன். காகிதத்தில் கணக்கிட்டார். பாரசிட்டமால் என்னும் காய்ச்சல் மருந்து, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 24 கிலோவுக்கு மிகுதியாகப் போனால் 360. "இந்த 650 அந்த மருந்தாகவே இருந்தாலும் இது பெரியவர்களுக்கான அளவு சார். பையனுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு" என்றார். மஞ்சள் மாத்திரை? "சளிக்குத் தருகிற, தூக்கம் வரவழைக்கிற இனமாக இருக்கலாம். ஆனால் பெயரில்லாத மாத்திரையை யாராலும் படிக்க முடியாது சார்."

பிள்ளை இரண்டு நாளில் தேறிவிட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எடை எவ்வளவு? கடையில் யாரும் கேட்காத கேள்வி. மருந்து படித்தவர் முதலில் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிற மனிதனை உருவாக்க உலகம் எத்தனை நூற்றாண்டு பாடுபட்டது! அவனை ஒரே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு நாம் எவ்வளவு எளிதாக அனுப்பிவிட்டோம்! இந்த வரலாற்றை, தோழர்களே, நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார். நோயுற்றவன் ஒருவன், தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து அதனை ஆவன செய்து கொடுப்பவன் ஒருவன். முதல் மூன்றை நாம் மறக்கவில்லை. நோயாளியைத் தெரியும், டாக்டரைத் தெரியும், மாத்திரையைத் தெரியும். நான்காமவனைத்தான் மறந்தோம். அருகிருப்பவன் பணியில் ஒரு கூறு இன்று செவிலியிடம் இருக்கிறது. மறு கூறு மருந்தாளுநரிடம் இருக்கிறது. அவர் கை தவறினால் மற்ற மூன்றும் வீண்.

மருந்து விற்பவனும் மருத்துவம் பார்ப்பவனும் ஒருவனே என்ற நிலைதான் உலகெங்கும் முன்னாளில் இருந்தது. தானே நோய் சொல்லி, தானே மருந்து சொல்லி, தானே விலையும் சொல்பவனிடம் ஏழை என்ன கேட்க முடியும்? 13ஆம் நூற்றாண்டில், சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக் இதற்கு ஒரு தடை போட்டார். மருத்துவன் வேறு, மருந்து செய்பவன் வேறு. மருத்துவனுக்கு மருந்துக்கடையில் பங்கு கூடாது என்று 1240ஆம் ஆண்டளவில் ஆணை பிறந்தது. எழுதியவன் கை ஒன்று, அளப்பவன் கை ஒன்று. முதற்கை தவறினால் மறுகை தடுக்கும். இந்தச் சிறிய கருத்துத்தான் மருந்தாளுநர் தொழிலின் வித்து.

லண்டனில் மருந்து விற்றோர் நெடுங்காலம் மளிகை வணிகர் சங்கத்திலேயே உறுப்பினர். மிளகும் மருந்தும் ஒரே தராசில்! 1617இல்தான் அவர்கள் தனிச் சங்கமாகப் பிரிந்தனர். மளிகையில் அளவு தவறினால் குழம்பு கெடும். மருந்தில் அளவு தவறினால் உயிர் கெடும். இரண்டுக்கும் ஒரே தராசு ஆகாது என்பதை ஒரு நாடு ஒப்புக்கொண்ட நாள் அது.

அளவு என்பது எவ்வளவு பெரிய புரட்சி என்பதற்கு ஓர் இளைஞனைச் சொல்வேன். ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சி பெற்றவன் செர்ட்யூர்னர். அபினிக் கட்டி ஒவ்வொன்றிலும் வீரியம் வேறு. ஒரு கட்டி வலியைத் தீர்க்காது, அதே அளவுள்ள மற்றொரு கட்டி ஆளையே தீர்த்துவிடும். ஏன் என்று கேட்டான். இருபதைக் கடந்த அந்த வயதில், 1804-05ஆம் ஆண்டுகளில், அபினிக்குள் வேலை செய்யும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தான். அதுவே மார்ஃபின். 1820இல் பாரிசில் பெலத்தியே, காவந்து என்ற இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தனர். 'ஒரு பிடி பட்டை' என்ற வழக்கு 'இத்தனை கிரெயின்' என்று மாறியது.

இந்த வரலாறு நமக்கு எட்டாத சீமைக் கதை என்று எண்ண வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே நீலகிரிக்குச் சென்றால் நடுவட்டம் இருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் தென் அமெரிக்கச் சிங்கோனாக் கன்றுகள் அந்த மலையில் ஊன்றப்பட்டன. மரம் வளர்ந்தால் போதுமா? எந்தப் பட்டையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யார் சொல்வது? அதற்கென்றே 1866இல் சென்னை அரசு ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை அமர்த்தியது. வங்கத்தில் 1892 முதல் குயினைன் பொட்டலங்கள் அஞ்சல் நிலையங்களில் காசுக்கு விற்கப்பட்டன. அளந்து, பொட்டலமிட்டு, மலிவாக்கிக் கொடுத்தால் மலேரியாவுக்கான மருந்து ஏழைக்கும் எட்டும் என்பது தெரிந்தது.

அதே கொங்கு நாட்டில் மற்றொரு காட்சியும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் நோய் வாட்டி வதைத்தது. அஞ்சிய மக்கள் 'பிளேக் மாரியம்மன்' என்றே ஒரு தெய்வத்தை அமைத்தனர். கோவையில் அந்தப் பெயரில் கோயில் இன்றும் உண்டு. அவர்களை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. கையில் மருந்தில்லாதவன் கை கூப்பினான். அவன் அறியாமைக்கு அவனா பொறுப்பு? நான் கேட்பது நம்மைப் பற்றி. மருந்து வந்துவிட்டது. படிப்பு வந்துவிட்டது. அதன் பின்னும், பெயரில்லாத உறையில், பெயரில்லாத ஒருவன் தந்த பெயரில்லாத மாத்திரையை, ஒரு கேள்வியும் கேளாமல் விழுங்குகிறோமே, இது மந்திரித்த திருநீற்றை விழுங்குவதிலிருந்து எவ்வகையில் உயர்ந்தது? கேளாமல் நம்புவது மூடநம்பிக்கை. அது கோயில் வாசலில் நடந்தால் என்ன, மருந்துக்கடை வாசலில் நடந்தால் என்ன?

நம் நாட்டில் இந்தத் தொழிலின் கதை கம்பவுண்டரில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருந்து கலப்போருக்கு வகுப்பு நடந்தது. ஆனால் சிற்றூர்களின் மருத்துவமனைகளில் பெரும்பாலோர் வேலையைக் கையால் கற்றவர்கள். நோயாளி வீட்டிலிருந்தே சீசா கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல்வெட்டிய காகிதத் துண்டு ஒன்றைச் சீசாவின் பக்கத்தில் ஒட்டித் தருவார். எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கும் அந்தக் காகிதம் விளங்கும். நம் பாட்டன்மார் அளவு என்பதைக் கற்ற முதல் பாடநூல் அந்தக் காகிதத் துண்டுதான்! ஆயினும் டாக்டருக்கு அவர் ஏவலாள். அரசுக்கு அவர் கடைநிலை ஊழியர். அறிவோடு செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்யும் கூலி வேலையாகக் கருதியது நம் சமுதாயத்தின் பழைய நோய்.

மருந்துக்கே நோய் வந்த காலமும் அது. போலியும் கலப்படமும் சந்தையில் பெருகின. 1930இல் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் கர்னல் ராம்நாத் சோப்ரா. 1931இல் அக்குழு அறிக்கை தந்தது. மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். மருந்து கொடுப்போருக்குப் படிப்பு வேண்டும், பதிவு வேண்டும் என்றது. அறிக்கைக்கு அடுத்த ஆண்டே, 1932இல், மகாதேவ லால் ஷ்ராஃப் என்பவர் காசிப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பைத் தொடங்கிவிட்டார். தனி மனிதன் ஓராண்டில் செய்தான். அரசு? மருந்துச் சட்டம் 1940இல் வந்தது. மருந்தாளுநர் சட்டம் 1948இல் வந்தது. இந்திய மருந்தாளுநர் மன்றம் 1949இல் அமைந்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவுதான் உயிர்நாடி. பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு எவரும், மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் என்று அன்று எழுதினார்கள். ஐந்தாண்டு மருந்து கலந்து பழகிய பழைய கம்பவுண்டர்களுக்கும் முதற்பதிவேட்டில் இடம் தந்தார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் இந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் நாளை மாநிலங்கள் குறிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். 1976இல் திருத்தம் வந்தது. நாள் குறிக்காத மாநிலங்களில் அதிலிருந்து எட்டு ஆண்டு கழித்துத் தானே நடைமுறைக்கு வரும் என்று முடிவில் ஆனது. அதாவது 1984! சோப்ரா அறிக்கை தந்தது 1931. சட்டம் பிறந்தது 1948. அது கடைசி மாநிலம் வரை கால் ஊன்றியது 1984. ஐம்பத்து மூன்று ஆண்டுகள், மக்களின் உயிர் தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தது.

காத்திருப்பதற்கு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்தியவர்கள் குழந்தைகள். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இனிப்புத் திரவமாக்க எண்ணிய ஒரு கம்பெனி, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற கரைப்பானைச் சேர்த்தது. சாயத் தொழிலிலும் பயன்படும் இரசாயனம் அது. சுவை இனிப்பு, வேலை நஞ்சு. சிறுநீரகத்தை அழித்துவிடும். நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அடுத்த ஆண்டே அந்த நாடு சட்டத்தை இறுக்கியது. நாம்? 1972இல் சென்னையில் அதே நஞ்சு கலந்த மருந்தால் 14 குழந்தைகள் இறந்தனர். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில், அதே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லென்டின் விசாரித்தார். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது, உலகம் சுட்டியது இந்தியாவில் செய்த இருமல் மருந்தை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்கள் குடித்த மருந்து எங்கே செய்யப்பட்டது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழ்நாட்டு அரசு ஆய்வு செய்தபோது அதில் அந்த நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது.

எண்களை மீண்டும் ஒரு முறை படியுங்கள். 1937, 1972, 1986, 2022, 2025. ஒரே நஞ்சு; ஒரே தவறு. வாங்கிய கரைப்பானை ஒவ்வொரு பீப்பாயாகச் சோதித்துப் பார்த்த பின்பே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தொழிற்கூடத்தில் நிற்கும் மருந்தறிஞன் அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டால், அவனுக்கு முகந்தெரியாத ஒரு தாய் ஆயிரம் கல்லுக்கு அப்பால் தொட்டிலை இழக்கிறாள்.

ஆகவே, மருந்தாளுநர் என்றால் கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் மட்டுமே என்று கருதுவது பிழை. தொழிற்கூடத்தில் அவர் கேட்கும் கேள்வி: இது தூயதா? பண்டகசாலையில் அவர் கேட்கும் கேள்வி: இது கெடாமல் இருக்கிறதா? மருத்துவமனையில் அவர் கேட்கும் கேள்வி: இது இவருக்கு உரியதா? கடையில் அவர் கேட்க வேண்டிய கேள்வி: இதை எப்படிச் சாப்பிடுவது என்று இவருக்குத் தெரியுமா? இடத்துக்கு இடம் கேள்வி மாறும், காவல் மாறாது.

இந்தக் காவலை நன்றாக நடத்திக் காட்டிய நாடும் நம் தமிழ்நாடுதான் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1994இல் நிறுவப்பட்டு 1995 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும், ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் அதற்குரிய தொகை. மாவட்டக் கிடங்கில் வேண்டிய மருந்தைப் பெற்றுப் பாஸ்புக்கில் கழித்துக்கொள்ளலாம். கம்பெனிப் பெயருக்குக் காசு கொட்டாமல், மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்குவதால் விலை குறைந்தது. கிடங்குக்கு வரும் தொகுதி ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பின்பே வெளியே வரும். பெயரைப் பாராமல் பொருளைப் பார் என்ற பகுத்தறிவு இங்கே ஒரு நிர்வாக முறையாகவே ஆகியிருக்கிறது! பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன.

இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சன்னலுக்குப் பின்னே இருக்கும் மருந்தாளுநர். எந்த மருந்து முதலில் காலாவதியாகுமோ அதை முதலில் வெளியே அனுப்புவதும், மழைக்காலக் காய்ச்சலுக்கு வெயிற்காலத்திலேயே கணக்கிட்டு வாங்கி வைப்பதும் அவர் பொறுப்பு. கைதட்டல் கிடைக்காத வேலைகள். ஒரு நாள் நின்றால் மட்டுமே நாம் அறியும் வேலைகள்.

தொழிலாளர் ஊரான எங்களுக்கு மிக நெருங்கிய இடம் இ.எஸ்.ஐ. மருந்தகம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948ஆம் ஆண்டினது. மருந்தாளுநர் சட்டத்துக்கு இரட்டைப் பிறவி. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதன்முதல் 1955 ஜனவரி 23 அன்று, பஞ்சாலைகள் நிறைந்த கோவையில் தொடங்கியது. கூலியில் ஒரு பங்கும் முதலாளி தரும் ஒரு பங்கும் சேர்ந்து, நோய்க்கு மருந்தாகத் திரும்பி வரும் திட்டம். பிச்சையாகப் பெற்ற மருந்தை உரிமையாகப் பெறச் செய்த திட்டம்!

ஆனால் அந்த உரிமை யாருக்கு? கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு. பீஸ் கணக்கில் தைப்பவர், காண்டிராக்டில் வந்தவர், இன்று இந்தக் கம்பெனி நாளை அந்தக் கம்பெனி என்று அலைபவர் ஆகியோரில் எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது? அட்டையில்லாதவனுக்கு மிஞ்சியது தெருமுனை மருந்துக்கடை. அவன் நாடித்துடிப்பைப் பார்க்கும் முதல் ஆளும் கடைசி ஆளும் அந்தக் கடைக்காரனே. அதனால்தான் அங்கே படித்த மருந்தாளுநர் இருப்பது ஆடம்பரமல்ல என்கிறேன். ஏழைக்கு அவரே முழு மருத்துவமனை.

ஓர் எடுத்துக்காட்டு. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவனுக்கு இருமல் புதிதல்ல. கடைக்கு வருகிறான், இருமல் மருந்து கேட்கிறான். படியாதவன் புட்டியை எடுத்து நீட்டுவான். அடுத்த வாரமும் நீட்டுவான். படித்தவர் ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை நாளாய் இருமல்?" இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், புட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சளி சோதனைக்கு அனுப்புவார். காசநோய் என்றால் சிகிச்சை அரசிடம் இலவசம். ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தைக் காக்கும். காசநோய் மருந்துகளும் வலிய நுண்ணுயிர்க்கொல்லிகளும் அடங்கிய எச்1 பட்டியல் 2014இல் நடைமுறைக்கு வந்தது. எழுதிய மருத்துவர் யார், வாங்கிய நோயாளி யார், எந்த மருந்து, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2015இல் வந்த பணி ஒழுங்குமுறைகளோ, மருந்தாளுநர் தூய வெள்ளை மேலங்கி அணிந்து, பெயரும் பதிவெண்ணும் காட்டும் வில்லை தரித்து, நோயாளிக்கு விளக்கம் சொல்லித் தர வேண்டும் என்றே கூறுகின்றன. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. வீட்டில்? சுவரில் தொங்குகிறது!

யார் மீது குற்றம்? கடைக்காரரைக் கேட்டால், "படித்தவருக்குச் சம்பளம் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்பார். நாள்தோறும் பெருகும் கடைகளைப் பார்த்தால் அந்தக் கண்ணீரை முழுதும் நம்ப முடியவில்லை. "எங்கள் பையனுக்குப் பத்து வருட அனுபவம்" என்பார். பத்து வருடம் ஒரே தவறைச் செய்தாலும் அதற்குப் பெயர் அனுபவம்தானா? வாடிக்கையாளரைக் கேட்டால், "நமக்கு வேகம்தான் வேண்டும்" என்பார். பனியன் வாங்கும்போது நூல் என்ன, சாயம் போகுமா என்று இழுத்துப் பார்த்துக் கேட்கிற அதே காதர்பேட்டை மனிதர், வயிற்றுக்குள் போகிற பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை!

எல்லாரினும் நான் கேட்க விரும்புவது, என் வயதுள்ள அந்தப் படத்து மனிதனைத்தான். தோழனே, இரண்டு ஆண்டு படித்தாய். ஐந்நூறு மணி நேரம் பயிற்சி பெற்றாய். உன் பாட்டனுக்கு ஏடு தொட உரிமையில்லாத நாடு இது. உன்னைக் கல்லூரி வாசலில் நிறுத்த எத்தனை பேர் போராடினார்கள்! அந்தப் படிப்பை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறாயே. வீட்டை வாடகைக்கு விடலாம்; அறிவை வாடகைக்கு விடலாமா? உன் படம் தொங்கும் கடையில் இன்று ஒரு குழந்தைக்கு இரண்டு பங்கு மருந்து போகிறது. கொடுத்தது அவன் கை. ஆனால் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது உன் கண்.

உன் வறுமையையும் நான் அறியாதவனல்ல. படித்த மருந்தாளுநருக்குக் கடைகள் தரும் சம்பளம், தையற்காரர் கூலியோடு போட்டி போடும் நிலை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்குப் போராடு, நாங்களும் உடன் வருகிறோம். வாய்ப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தாளுநர் படிப்புப் படித்த இளைஞர்கள் தாமே கடை நடத்த அரசு மானியம் தந்தது. கடை வைத்தவனே அங்கு நிற்பான். நிற்பவனே படித்தவனாக இருப்பான். அந்த வழி அகலமாக வேண்டும்.

படிப்பகத் தோழர்களே, சட்டம் போடுவது சட்டமன்றத்தின் வேலை. சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்குவது நம் வேலை. கல்லெறிய வேண்டாம், கூச்சலிட வேண்டாம். மருந்துக்கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஐந்து கேள்வி கேட்போம். இங்கே மருந்தாளுநர் யார்? இந்த மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாள், எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? தொகுதி எண் போட்ட பில் எங்கே? ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். தெருவே கேட்டால் படத்திலிருப்பவரை வரவழைப்பார்.

அந்த அரசு மருந்தாளுநர் அம்மையாரிடம் பின்னொரு நாள் அந்த ஒடிசாத் தாயை அழைத்துச் சென்றேன். தமிழ் தெரியாதவருக்கு எப்படி விளக்குவார் என்று பார்த்தேன். காகித உறையின் மேல் மருந்தின் பெயரை எழுதினார். அதன் கீழே உதிக்கும் சூரியன் ஒன்று வரைந்து அருகே ஒரு கோடு. பிறை நிலா ஒன்று வரைந்து அருகே ஒரு கோடு. தாய் முகம் மலர்ந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று! பழைய கம்பவுண்டரின் பல்வெட்டிய காகிதம் என் கண்முன் வந்தது. மொழி தெரியாத தாய்க்கும் விளங்கும்படி சொல்ல முடியும்; சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் சொல்லத் தெரிந்த ஆளும் இருந்தால் போதும்.

இப்போது அந்த அம்மாள் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் தமிழில் ஒன்று கேட்கிறாராம். மகன் சொல்லிக் கொடுத்தது. "இது என்ன மருந்து?"

திருப்பூருக்கு வந்து அவர் கற்ற தமிழ் அவ்வளவு அதிகமில்லை. பிறந்தது முதல் தமிழ் பேசும் நாம், அந்த மூன்று சொற்களை என்று கேட்கப் போகிறோம்?